மங்கையர்க்கரசி விட்ட காபி

தெளிந்த முகத்தோடு மாடி ஏறுவான். கறுத்த முகத்தோடு கீழே இறங்குவான். ஏறுவது ஒரே பாய்ச்சலில், இறங்குவது சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டுத் தலையில் தட்டினால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவான். அவன் யார்? விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டு அடுக்களையில், காக்கைகள் எழுந்தும் வெளிச்சம் எழாத நேரத்தில், மங்கையர்க்கரசி அவனுக்காகத்தான் காத்து நின்றாள். பில்டரின் மேல் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி மூடியாகிவிட்டது. கீழ்ப் பாத்திரத்தில் டிகாஷன் இறங்க வேண்டும். அதுவரை அவளுக்கு வேலை இல்லை. பால் காய்ந்துவிட்டது, டம்ளர்கள் கழுவியாயிற்று, இட்லி அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. கைக்கு வேலை இல்லாவிட்டால் மனசு தானே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

டொக் என்று முதல் சொட்டு எவர்சில்வரில் விழுந்தது. கோடைமேலழகியான், என்றாள் மங்கை மனசுக்குள். இன்னொரு டொக். நதியுண்ணி. அடுத்தது கன்னடியன். நான்காவது சொட்டு விழுந்தது, ஐந்தாவதும் விழுந்தது. அவள் மட்டும் கன்னடியனிலேயே நின்றாள். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிக் கடலுக்குப் போகிற வழியில் குறுக்கே கட்டிய பழைய அணைக்கட்டுகள் எட்டு. அந்த எட்டையும் வரிசை மாறாமல் சொன்னால்தான் பேச்சு நிமிர்ந்து நிற்கும் என்று மகளுடைய பேச்சில் அவற்றைச் சேர்த்தவளே அவள்தான். இப்போது அவளுக்கே நான்காவது வரவில்லை. சரி, கடல் பக்கத்திலிருந்து ஏறி வந்து பார்ப்போம் என்று திரும்பினாள். ஸ்ரீவைகுண்டம், மருதூர், சுத்தமல்லி, பழவூர். பழவூர்வரை ஒழுங்காக வந்த ஆறு அதற்கு மேலே காணாமல் போய்விட்டது. அது நீளமான பெயர் என்பது ஞாபகம் இருக்கிறது. சொல்லும்போது வாய் நிறையும் என்பதும் ஞாபகம் இருக்கிறது. பெயர்தான் இல்லை. பலகாரம் தீர்ந்த டப்பாவில் வாசனை மட்டும் இருக்குமே, அந்த மாதிரி. அறையில் போய்ப் பேச்சுத் தாளை எடுத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். இன்றைக்கு எட்டையும் மேடையில் சொல்லவேண்டியவள் பத்து வயதுப் பிள்ளை. அவளுக்குத் தாள் தரமாட்டார்கள். பிள்ளைக்கு இல்லாத தாள் அம்மைக்கு மட்டும் எதற்கு?

போன வருஷம் இதே பேச்சுப் போட்டியில் மகள் தாரிகா நின்ற இடமும் இதேதான். ஆற்றுக்காக நடத்துகிற போட்டி என்பதால் தலைப்பு மாறுவதில்லை. அரங்கு நிறையக் கூட்டம், மைக்கைக் குனித்து வைத்திருந்தார்கள், பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். கோடைமேலழகியான் என்றாள், நதியுண்ணி என்றாள், கன்னடியன் என்றாள். அதற்குப் பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்கு விடைத்தது. கண் இரண்டும் பெரிதாகி நீர் கோத்தது. கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவதி கை தட்டினாள், பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று. வரவில்லை. ‘நன்றி, வணக்கம்’ என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தாரிகா மேடையை விட்டு இறங்கிவிட்டாள். மங்கை ஓடிப்போய்ப் படியடியிலேயே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வருகிற வழியில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் புண்ணைக் கிளறினதாக ஆகிவிடும். தாரிகாவும் சொல்லவில்லை. வீட்டுப் படி ஏறும்போதுதான், இன்னும் ஒரே ஒரு தடவை பேசிப் பார்ப்பதாகவும், அதிலும் நின்றுவிட்டால் அதற்கப்புறம் எந்த மேடையிலும் ஏறுவதில்லை என்றும், கடைக்காரர் விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அந்த ஒரு தடவை இன்றைக்குத்தான். டொக். யார் வீட்டிலும் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்வது உண்டு. தாரிகா அந்த வகை இல்லை. பாகற்காய் சாப்பிடமாட்டேன் என்று பால் பல் விழாத வயதில் சொன்னாள். இன்றுவரை அதில் மாற்றம் இல்லை.

பாகற்காய் என்றதும் மங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆடி பிறந்த அன்று தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டபோது அவள் முதலில் பாகற்காயைத்தான் விடலாம் என்று நினைத்தாள். வேண்டுதல் என்றால் எதையாவது விட வேண்டுமே. விடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று மனசு பாகற்காயைப் பிடித்துக் கொடுத்தது. பிள்ளையார் என்ன அவ்வளவு விவரம் இல்லாதவரா? பிடிக்காத சாமானைத் தள்ளிவிட்டுப் புண்ணியம் கேட்டால் அவர் தும்பிக்கையைத் திருப்பிக்கொள்ளமாட்டாரா? பிடித்ததைத்தான் விட வேண்டும். அவளுக்குப் பிடித்தது எது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். என் காபியை நீர் எடுத்துக்கொள்ளும், என் பிள்ளைக்கு ஞாபகத்தைக் கொடும். அவள் மேடையை விட்டு இறங்கும்வரை ஒரு வாய் குடிக்கமாட்டேன். கும்பிட்டுவிட்டு வந்தபோது பெரிய மனுஷியாகிவிட்டதுபோல இருந்தது. மறுநாள் காலையில் தலைவலி வந்தது. அதற்கும் மறுநாள் கண்ணுக்குப் பின்னால் யாரோ அம்மி கொத்தினார்கள். காபி ஏன் வேண்டாம் என்று வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. கணவன் ஆவுடையப்பனுக்கு மட்டும் விஷயம் பாதி புரிந்துவிட்டது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்த அன்று அவன் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து, பிள்ளையார் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தால் நாங்களும் பிழைப்போம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சிக்கல் அங்கேதான். காபியோடு ஞாபகமும் சேர்ந்து போய்விட்டது. அவள் வேலை பார்ப்பது ஒரு கண் மருத்துவரிடம். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். போன மாதம் வந்தவர் யார், எந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, கூட வந்தது மகளா மருமகளா, எல்லாம் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள். இப்போது அப்படி இல்லை. போன வாரம் பட்டுப் புடவையில் வந்த ஒரு அம்மாளிடம், இதுதான் முதல் தடவையா என்று கேட்டு டோக்கனை நீட்டிவிட்டாள். அந்த அம்மாள் மருத்துவருடைய மாமியார். டோக்கனை வாங்கிக்கொண்டு தன் முறை வரும்வரை சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையார் கணக்கில் ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது என்று மங்கைக்கு அன்றே ஒரு சந்தேகம். பிள்ளைக்கு ஞாபகம் கொடும் என்றால் அதை அவர் எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவருவார் என்று இவள் நினைத்தாள். அவர் இவளிடமிருந்தே எடுத்து அங்கே ஊற்றிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. ஊற்றட்டும். அப்படியானால் நான்காவது அணை இவளை விட்டுப் போய்ப் பிள்ளையிடம் சேர்ந்திருக்கும். நல்லதுதான். ஆனால் போய்ச் சேர்ந்ததா? விடியுமுன் எழுந்து படித்தால் படித்தது ஒட்டிக்கொள்ளும் என்று தினமும் தாரிகாவை இருட்டோடு எழுப்பி இந்த அடுக்களையிலேயே உட்காரவைத்தாள். பிள்ளை அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியபடி முணுமுணுக்கும். என்ன ஒரு கவனம் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். இருந்தாலும் கன்னடியன் வந்ததும் தாரிகாவின் குரல் தேய்ந்துபோகும். இவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் மீண்டும் எழும்பும்.

டொக், டொக். இப்போது சொட்டுகள் நெருங்கி விழுந்தன. வாசனை மேலே வந்தது. வாசனைக்கு வேண்டுதல் கிடையாதே என்று மங்கை நன்றாக இழுத்து முகர்ந்தாள். இந்த வாசனைக்கு எப்போதும் அக்காதான் முதலில் ஞாபகத்துக்கு வருவாள். தென்காசி வீட்டில், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மங்கை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா டவராவைத் தரையில் நகர்த்தி வைத்துவிட்டு, குடிச்சிட்டுப் படிட்டி, குடிச்சாதான் மண்டையில ஏறும் என்பாள். ஏறத்தான் செய்தது. தனிம வரிசை அட்டவணையில் அன்றைக்கு ஏறிய இருபது பெயரும் இன்றைக்கும் இறங்கவில்லை; ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று சங்கிலியாக வரும். தலைக்குள் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது, ஒரு அணைக்கட்டுக்கு இல்லையா? ஆனால் பரீட்சையன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு டம்ளருக்கே இவ்வளவு என்றால் மூன்று டம்ளருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மூன்றையும் குடித்துவிட்டுப் போனாள். நெஞ்சு கெட்டிமேளம் கொட்டியது. பேனா குதிரைபோல ஓடியது. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில், இரண்டு தடவையும் படத்தோடு, மிக அழகாகப் பதில் எழுதிவிட்டு, அடுத்த கேள்வியைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஆக, காபி ஞாபகத்தைக் கூட்டுமா, அவசரத்தைக் கூட்டுமா? உள்ளே இருப்பதை வேகமாக எடுத்துக் கொடுக்கும்போல. எதை எடுப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும்போல.

இந்தக் கேள்வியெல்லாம் இன்று ஏன் வருகிறது என்றால், நேற்று மாலை தாரிகா பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றும்போதே, நாளைக்குக் காலையில் எனக்குக் காபி வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அவளுடைய சிநேகிதி ஜெனிஃபாவின் அண்ணன் மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் புத்தகமே மனப்பாடமாகிவிடுகிறதாம். ஆவுடையப்பன் உடனே கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். ஒரு ஆராய்ச்சியில், படித்து முடித்த பிறகு குடித்தால் படித்தது தங்கும் என்றிருக்கிறது என்று வாசித்தான். கொஞ்சம் தள்ளி, அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று இன்னொன்று. அதற்கும் கீழே, பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது, உறக்கம் கெடும் என்று மூன்றாவது. மூன்றையும் வாசித்துவிட்டு, உன் அம்மா சொல்வதுதான் சரி என்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். இவள் எதையுமே சொல்லியிருக்கவில்லை. காலையில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். இதோ காலை வந்துவிட்டது. கொடுத்து, நெஞ்சு படபடத்துப் பிள்ளை கோடைமேலழகியானிலிருந்து நேரே ஸ்ரீவைகுண்டத்துக்குத் தாவிவிட்டால்? கொடுக்காமல், அதனாலேயே மறந்துவிட்டது என்று பிள்ளை ஆயுசு முழுக்க நினைத்தால்? ஞாபகம் வேண்டும் என்று காபியை விட்ட அம்மைக்கு, ஞாபகம் வேண்டும் என்று காபியைக் கேட்கிற பிள்ளை. நம் வீட்டு வழக்கை நாமேதான் தீர்க்க வேண்டியிருக்கிறது, என்று மங்கை பில்டரின் மேல் பாத்திரத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள். லேசாகிவிட்டிருந்தது. டிகாஷன் முழுக்க இறங்கியாயிற்று.

இரண்டையும் தயார் செய்வோம், பிறகு யோசிப்போம் என்று ஒரு டம்ளரில் வெறும் பாலை ஊற்றினாள். இன்னொரு டம்ளரில் பாலுக்குக் காபி நிறம் வருகிற அளவுக்கு மட்டும் டிகாஷன் விட்டாள். சர்க்கரை போட்டு, டவராவுக்கும் டம்ளருக்குமாக உயர்த்தி ஆற்றினாள். நுரை கட்டியது. பிள்ளை முதன்முதலாகக் குடிக்கப்போகிற காபி. சர்க்கரை போதுமா? கணவனுக்கு இத்தனை நாளும் ருசி பார்க்காமல் கண் அளவிலேயே கலந்து கொடுத்தாகிவிட்டது. அவன் எப்படிக் கொடுத்தாலும் குடிப்பான். பிள்ளை அப்படி இல்லை. கசந்தால் முகத்தைச் சுளித்துவிடும், அந்தச் சுளிப்போடேயே மேடைக்குப் போகும். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் அது குடிப்பதில் சேருமா? சேராது. சமையல்காரர்கள் விரதத்தன்று உப்புப் பார்ப்பதில்லையா? பார்ப்பார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்றுதான் கேள்வி. சரி, இது சர்க்கரைதானே. டம்ளரை எடுத்து ஒரு சொட்டு வைத்தாள். சூடு இதமாக இருந்தது. கன்னடியனுக்கு அடுத்து என்ன, கன்னடியன் கால்வாய் சேரன்மாதேவிப் பக்கம் போகிறது, அந்த வழியில் சின்ன வயசில் பஸ்ஸில் போனபோது ஒரு பலகை பார்த்தோமே, மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, ஆற்றில் ஆள்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள், பலகையில் முதல் எழுத்து அ, அடுத்து ரி, அரிய, அரியநாயகிபுரம். அரியநாயகிபுரம், என்று மங்கை வாய்விட்டே சொன்னாள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஆறு தடங்கலில்லாமல் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தோஷத்தில் கையைக் கீழே இறக்கினாள். டம்ளரில் அடி தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் நுரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முழுவதையும் குடித்திருக்கிறாள். எப்போது குடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. காபிதான் பெயரைக் கொண்டுவந்ததா? அது எப்படி, தொண்டையையே தாண்டியிருக்காதே, மூளைக்கு ஏற நேரம் வேண்டாமா? அப்படியானால் வாசனை கொண்டுவந்ததா? இல்லை, பஸ்ஸும் பலகையும் கொண்டுவந்தனவா? எது கொண்டுவந்தால் என்ன, வேண்டுதல் போயிற்று. அதுவும் எந்த நாள்? வேறு எந்த நாள் தவறியிருந்தாலும் ஒரு தேங்காயை உடைத்துச் சமாளித்திருக்கலாம். இது பிள்ளையின் காபிதானே, என் காபி இல்லையே என்று ஒரு வக்கீல் மனசுக்குள் எழுந்து வாதாடினான். பாலில்தானே டிகாஷன் விழுந்தது, இது பால்தான் என்று இன்னொருவன் எழுந்தான். பிள்ளையார் இருவரையும் உட்காரச் சொன்னார். பெயர் என்னிடம் திரும்பி வந்துவிட்டதே, அப்படியானால் பிள்ளையிடமிருந்து போய்விட்டதா என்று ஒரு பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இது பைத்தியக்காரத்தனமான பயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் எழுந்து போகவில்லை. யாரும் பார்க்கவில்லை, டம்ளரைக் கழுவி, வேறு காபி கலந்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? குழாயைத் திறந்தாள்.

“எம்மா, மீசை,” என்றது ஒரு குரல்.

தாரிகா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. மங்கை மேலுதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டாள். மறைக்க வழி இல்லை என்றானதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: பிள்ளையாரிடம் கேட்டது, வயிறு சரியில்லை என்று பொய் சொன்னது, பாகற்காய் முதற்கொண்டு.  தாரிகா கேட்டு முடித்ததும், அப்படியானால் தலைவலி தலைவலி என்று இத்தனை நாளும் எங்களைச் சத்தம் போட்டதும் எனக்காகத்தானா என்று கேட்டாள். மங்கை ஆமாம் என்று தலையாட்டினாள்.

“போன வருஷம் எனக்கு ஒண்ணும் மறக்கலியேம்மா,” என்றாள் தாரிகா. “கொட்டாவி வந்துச்சு.”

“என்னது?”

“கொட்டாவி. மேடையில வாயப் பொளந்தா எல்லாரும் சிரிப்பாங்கல்லா, அதான் மூடிக்கிட்டேன். அரியநாயகிபுரம் பெரிய பேரு. வாயத் தொறந்தா கொட்டாவி வெளிய வந்துரும்னு தோணிச்சு. நன்றி வணக்கம்னா சின்னது, அதான் அதைச் சொல்லிட்டு எறங்கிட்டேன்.”

“ஏன் சொல்லல எங்கிட்ட?”

“நீ கேக்கவே இல்லியே. ஐஸ்கிரீம்லா வாங்கித் தந்தே.”

மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. மங்கை அந்த முகத்தை ஒரு வருஷமாகத் தினம் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பிள்ளையை இருட்டோடு எழுப்பியது யார்? அரிசி டிரம்மில் சாய்ந்து கண்ணை மூடியது கவனமா, வேறு ஒன்றா? கன்னடியனில் தேய்ந்த குரல் எங்கே போயிற்று, பாத்திரச் சத்தத்துக்கு ஏன் எழும்பியது? ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. உட்கார்ந்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது, அடக்கமுடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தாரிகாவும் காரணம் கேட்காமல் கூடச் சிரித்தாள். கூடத்தில் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பன், பிள்ளையார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாரா என்று அங்கிருந்தே விசாரித்தான். வந்துவிட்டார் என்று மங்கை பதில் சொன்னாள். மீதி டிகாஷனில் இன்னொரு காபி கலந்தாள். அதையும் பால் டம்ளரையும் அடுக்களை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். யார் சொன்னதையும் கேட்க வேண்டாம், ஆராய்ச்சியையும் கேட்க வேண்டாம், ஜெனிஃபாவின் அண்ணனையும் கேட்க வேண்டாம், உனக்கு எது வேண்டுமோ அதை நீயே எடுத்துக்கொள் என்றாள்.

தாரிகா இரண்டு டம்ளரையும் பார்த்தாள். அரங்கத்துக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றாள் மங்கை.

தாரிகா எதையும் எடுக்கவில்லை. அறைக்குப் போய்ப் பாயில் படுத்துத் தூங்கினாள்.